டிக்கி ரப்பரைக் கவனித்தீர்களா?

"கார் ரிப்பேரா? அது அவங்க பாடு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் நாம்தானே?

எங்கள் வீட்டில் மாமனார் காலத்துப் பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. 2014-ல் அந்த வண்டியின் தயாரிப்பே நின்றுவிட்டது. இருப்பதைப் பேணினால்தான் உண்டு.

திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் சாலையில் வண்டிகள் ஊர்வதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒருநாள் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது என் மகள், "அம்மா, தலை வலிக்குது, வாந்தி வருது" என்றாள். ஓரமாக நிறுத்தச் சொல்லி, காற்றாட இறக்கி நிற்க வைத்ததும் தெளிந்தாள். மறுநாள் மெக்கானிக் பார்த்துவிட்டு, "சைலன்ஸர்ல ஓட்டைம்மா. டிக்கி ரப்பரும் கல்லு மாதிரி ஆயிடுச்சு. புகை உள்ளேதான் வருது" என்றார்.

பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை, பிராணவாயுவை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் எல்லாம் அதன் அறிகுறிகள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அபாயம் அதிகம். காரில் இப்படி நேர்ந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். தெளியாவிட்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டார். ஆனாலும் வருஷக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டால் எந்த ரப்பரும் இறுகி வெடிக்கத்தான் செய்யும். நம் ஊர் சித்திரை வெயிலைக் கேட்கவே வேண்டாம்!

நீங்களே சோதிக்கலாம். ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பர் மேல் வைத்து டிக்கியை மூடுங்கள். இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். இப்படியே சுற்றிலும், நான்கு கதவுகளிலும் பாருங்கள்.

மாற்றுவதும் பெரிய வித்தை இல்லை. பழைய ரப்பரில் இரண்டு அங்குலம் வெட்டி மாதிரிக்கு எடுத்துப் போங்கள். உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டைக் கடைகளில் விசாரிக்கலாம். பழைய பசையையும் துருவையும் நன்றாகச் சுரண்டித் துடைத்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும். இழுத்துப் பிடித்து ஒட்டினால் பிறகு சுருங்கி இடைவெளி விடும், தளர்வாகவே வையுங்கள். இரு முனைகளும் சேரும் இடம் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். ஒட்டும் பசை தீப்பற்றக் கூடியது. குழந்தைகளும் அடுப்பும் தூரத்தில் இருக்க வேண்டும்.

"பளபளன்னு இருக்குமே" என்று தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். ரப்பர் ஊதி, சொதசொதத்துப் போகும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, உலர்ந்ததும் லேசாக முகப்பவுடர் போட்டால் போதும்.

கையோடு இன்னும் இரண்டு இடம் பாருங்கள். பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பர் தேய்ந்திருந்தால் ஈரச் செருப்பு வழுக்கும். என்ஜின் பக்கமிருந்து ஒயர் உள்ளே வரும் ஓட்டைகளில் வளையம் போன்ற ரப்பர் இருக்கும். அது உதிர்ந்தால் புகையும் வரும், தகரத்தில் உரசி ஒயரும் அறுபடும்.

ஆனால் ஒன்று: ரப்பரை மாற்றிவிட்டு சைலன்ஸர் ஓட்டையை அப்படியே விட்டால் பிரயோஜனமில்லை. முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள். என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குழந்தையைக் காரில் தூங்கவைப்பதும் கூடவே கூடாது.

அடுத்த முறை கிரிவலத்துக்குப் புறப்படுமுன், கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு காரையும் ஒரு வலம் வந்துவிடுங்கள்!