பிரதிக்ஞையும் மனச்சாட்சியும்

வலக்கையின் மூன்று விரல்களை உயர்த்தி, சுண்டு விரலைக் கட்டை விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, குழுவினர் அனைவரின் முன்னிலையில் சீருடையோடு நிற்கும் சிறுவன் ஒருவன், தான் நம்பாத கடவுளுக்குக் கடமையாற்றுவதாகப் பிரதிக்ஞை செய்யுமாறு நிர்ப்பந்திக்கப்படுவானேயாகில், சாரணன் நம்பிக்கைக்குரியவன் என்னும் முதல் விதியை, இயக்கத்தில் சேரும் அந்த க்ஷணத்திலேயே அவன் மீறியவனாகிறான். பிரிட்டிஷ் மானுடவாதிகள் பல்லாண்டுகளாக எழுப்பிவந்த ஆட்சேபத்தின் சாரம் இதுவே. கடவுள் உண்டா இல்லையா என்னும் தர்க்கத்துக்குள் புகாமலே எவரும் ஒப்பக்கூடிய நியாயம் அது.

1907இல் பிரௌன்ஸி தீவில் முதல் முகாமை நடத்திய பேடன் பவல், மதத்தை இயக்கத்தின் அஸ்திவாரமாகவே கருதினார் என்பது உண்மை. எனினும், காலப்போக்கில் முஸ்லிம் சிறுவன் அல்லாஹ்வின் பெயராலும், இந்துவும் பௌத்தனும் தத்தம் தர்மத்தின் பெயராலும் உறுதிகூறப் பிரிட்டனில் இடமளிக்கப்பட்டது; 1950இல் அமைந்த நம் பாரத சாரண சாரணியர் இயக்கமும், கடவுள் என்பதற்குப் பதிலாகத் தர்மம் என்று கூற விரும்புவோருக்கு அவ்வுரிமையை அளித்திருக்கிறது. இத்தனை வாசல்களைத் திறந்த பின்னரும் நம்பிக்கையற்றவனுக்கு மட்டும் கதவடைப்பதற்கு நியாயம் கற்பிப்பது எளிதன்று.

2013 செப்டம்பரில் பிரிட்டிஷ் சாரணியர் இயக்கம் கடவுளைக் குறித்த சொற்களை அறவே நீக்கி, தனக்குத் தான் உண்மையாயிருந்து தன் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வதாக அனைவருக்கும் ஒரே உறுதிமொழியை வகுத்தது. 2014 ஜனவரியிலோ சாரணர் சங்கம் பழைய பிரதிக்ஞையை அப்படியே வைத்துக்கொண்டு, சாரண விழுமியங்களைப் போற்றுவதாகக் கூறும் மாற்று வாசகத்தையும் ஏற்றது. சமத்துவம் கருதியே முன்னது எழுந்ததாயினும், எவருடைய தெய்வத்தையும் பறிக்காமல், எவர்மீதும் தெய்வத்தைத் திணிக்காமல் அமைந்த பின்னதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. அமெரிக்கச் சாரணர் அமைப்போ கடவுளுக்கான கடமையை இன்றளவும் விட்டுக்கொடுக்கவில்லை. அச்சொல்லை உச்சரிக்க மறுத்த இரட்டைச் சகோதரர்களை விலக்க அதற்கு உரிமையுண்டு என 1998இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் நியாயமாகிவிடாது.

பிரமாணம் தளர்ந்தால் ஸ்தாபனமே தளரும் என அஞ்சுவோர், 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லா, பிரமாண விவகாரத்தால் 1886 வரை பாராளுமன்றத்தில் நிலையாக அமர இயலாது அலைக்கழிக்கப்பட்டதையும், 1888இல் அவர் முயற்சியால், கடவுள்மீது ஆணையிட விரும்பாதோர் வெறும் உறுதிமொழி கூறச் சட்டம் வழிவகுத்ததையும், அதனால் ஆத்திக உறுப்பினர் எவருடைய சத்தியமும் மதிப்பிழந்துவிடாததையும் எண்ணிப் பார்க்கலாம். அவருடைய அந்நாளைய தோழரான அன்னி பெசன்ட் அம்மையாரே, பின்னாளில் இந்தியச் சிறுவர்களுக்குச் சாரணியம் மறுக்கப்பட்டபோது, சென்னையில் அவர்களுக்கெனச் சங்கம் கண்டவர்.

வேறு வாசகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையிலும் கடவுளின் பெயரைத் தானே தேர்ந்து சொல்லும் சிறுவனின் பிரதிக்ஞைக்குத்தான் முழுப் பெறுமதி உண்டு. ஆகையால் இம்மாற்றத்தை மானுடவாதிகளுக்கு முன்பாகவே கேட்டிருக்க வேண்டியவர்கள் ஆத்திகர்கள்.