கடன் வாங்கிய கை

தேர்வு அட்டவணை வெளியான மறுநாள் மற்ற மாணவர்கள் நூலகத்துக்கு ஓடுவார்கள். பார்வையற்ற மாணவர் தொலைபேசியை எடுப்பார். டெல்லியானாலும் ஹைதராபாதானாலும் அவரது முதல் கவலை பாடம் அல்ல. தான் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு மூன்று மணி நேரம் யார் வந்து உட்காருவார் என்பதுதான். விடுதி நண்பனின் தம்பி, பக்கத்து வீட்டுப் பெண், தொண்டு நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழு என்று தேடல் நீளும். தேர்வன்று காலை “காய்ச்சல், வர முடியவில்லை” என்று ஒரு குரல் வந்தால் போதும், ஆறு மாத உழைப்பு அந்தரத்தில் தொங்கும்.

இத்தனைக்கும் சட்டத்தில் பெரிய குறை இல்லை. 1995ல் வந்த சட்டம் கல்வி நிறுவனங்களில் 3 சதவீத இடம் தந்தது. அதற்குப் பதிலாக வந்த 2016ம் ஆண்டுச் சட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் அதை 5 சதவீதமாக்கியது. 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆயின. டெல்லி பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென சம வாய்ப்புப் பிரிவு இருக்கிறது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக நூலகத்தில் ஹெலன் கெல்லர் பெயரில் தனிப் பிரிவே உண்டு.

படிப்பதில் நிலைமை உண்மையிலேயே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பாடநூலை ஒலிநாடாவில் பதிவு செய்து தர ஒரு தோழர் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். 2012ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூலைப் பிரதியெடுக்க அனுமதி தந்தது. இதே நோக்கத்தோடு 2013ல் உருவான மரக்கேஷ் உடன்படிக்கையை 2014ல் முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாதான். 2016ல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் வந்தது. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

சிக்கல், படித்ததை எழுதிக் காட்டும் இடத்தில். வகுப்பில் கம்ப்யூட்டரில் கட்டுரை எழுதும் அதே மாணவர், தேர்வுக் கூடத்தில் இன்னொருவரின் கையை நம்ப வேண்டியிருக்கிறது.

2018ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தெளிவாகவே இருந்தன. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். சொல்வதை எழுதுபவரை மாணவரே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்துவோரிடம் கேட்கலாம். அப்படித் தரப்படுபவர் சரிப்படுவாரா என்று பார்க்க, இரண்டு நாள் முன்னதாகச் சந்திக்க வாய்ப்புத் தர வேண்டும். ஆனால் தேர்வு நடத்துவோரிடம் ஆட்கள் பட்டியலே இல்லாவிட்டால் ‘கேட்கலாம்’ என்ற உரிமைக்கு என்ன பொருள்? தேடும் வேலை மீண்டும் மாணவர் தலையிலேயே விழுகிறது.

கிடைக்கும் ஆளும் பொருத்தமானவராக இருப்பதில்லை. மாணவரே அழைத்து வருபவரின் படிப்பு, தேர்வு எழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்பது அந்த வழிகாட்டுதலின் விதி. முறைகேடு நடக்கக் கூடாது என்ற பயம் நியாயமானதே. ஆனால் அந்தப் படி இறங்கும்போது பாட அறிவும் இறங்கிவிடுகிறது. பொருளாதார மாணவர் சொல்லும் சூத்திரத்தில் எந்த எழுத்து மேலே, எந்த எழுத்து கீழே என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருக்கிறது. கூடுதலாகக் கிடைத்த நிமிடங்கள் அதிலேயே கரைகின்றன. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைந்தால் குறைவது அவருக்குத்தான்.

இதை நீதிமன்றமும் கவனித்திருக்கிறது. எழுத உட்கார்ந்தால் விரல்கள் இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள விகாஷ் குமார், சிவில் சர்வீஸ் தேர்வில் எழுத்து உதவி கேட்டார். மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 40 சதவீதக் குறைபாடு என்ற அளவுகோல் இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத்தான். எழுத முடியாதவருக்கு உதவி மறுக்க அதைக் காரணம் காட்டக் கூடாது என்றது. அதையடுத்து 2022 ஆகஸ்டில் அப்படிப்பட்டவர்களுக்கும் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது.

2025 ஆகஸ்டில் போட்டித் தேர்வுகளுக்கு இன்னொரு மாற்றம் அறிவிக்கப்பட்டது. மாணவர் சொந்தமாக ஆள் அழைத்து வரும் வழக்கத்தை மெல்லக் குறைத்து, தேர்வு நடத்துவோரே எழுதுபவர்கள் குழு ஒன்றை அமைக்க வேண்டும். நல்ல யோசனை. ஆனால் குழு அமைவதற்கு முன்பே சொந்த ஆளுக்குத் தடை வந்துவிட்டால், இருந்த கையும் போய்விடும். செமஸ்டர் தேர்வுகளிலோ இந்த அக்கறைகூடக் கண்ணில் படுவதில்லை.

பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. யாருக்கு எந்தத் தாளுக்கு ஆள் வேண்டும் என்பது சேர்க்கையின்போதே தெரியும். பாடவாரியாக ஒரு பட்டியல், வந்து எழுதுபவருக்குக் கௌரவமான ஊதியம், அவசரத்துக்கு ஓரிரு மாற்று ஆட்கள், விரும்புவோருக்குப் பேசும் மென்பொருளுடன் ஒரு கம்ப்யூட்டர். விடைத்தாள்களைத் திருத்த ஆள் தேடிப் பணம் தரும் தேர்வுத் துறைக்கு, விடையை எழுத ஆள் தேடுவது மட்டும் தர்ம காரியமாகத் தெரிவது ஏன்?

சம வாய்ப்பு என்று பலகை மாட்டுவது சுலபம். தேர்வுக்கு முந்தைய இரவு பார்வையற்ற மாணவரும் மற்றவர்களைப் போலப் பாடத்தை நினைத்து மட்டும் கவலைப்பட்டால், அன்றுதான் அந்தப் பலகைக்குப் பொருள் கிடைக்கும்.