டயரும் ரிம்மும்

கட்கியிலிருந்து நம் சங்கத்து அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய புதல்வன் ஓட்டும் மலைச் சைக்கிளில் இருப்பது 2.1 அங்குல டயர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்ககட் மலைக்குச் செல்லும் தோழர்களுடைய வண்டிகளில் 2.5 அங்குல டயர் இருக்கிறதாம். அதே போல் தனக்கும் வேண்டுமென்று பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான். டயரை மட்டும் மாற்றினால் போதுமா என்பது தகப்பனாருடைய கேள்வி.

கடைக்குப் போகுமுன் ரிம்மைப் பார்ப்பதே உசிதம். டயரின் பக்கவாட்டில் 54-559 என்பது போல ஓர் எண் பதிந்திருக்கும். முன்னது டயரின் அகலம். பின்னது டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் வட்டத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர்க் கணக்கு. பின்னெண் ரிம்மின் எண்ணோடு ஒத்தே தீர வேண்டும். 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடும் வண்டியை 1,000 மில்லிமீட்டர் மீட்டர் பாதையில் ஏற்ற முடியாது என்பதை எங்கள் இலாகாவில் எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சைக்கிள் கடையில் அங்குலக் கணக்கு ஆளை ஏமாற்றிவிடும். 26 × 1.75 என்பது 559; 26 × 1¾ என்பதோ 571. சாதாரணச் சைக்கிளின் 26 × 1⅜ என்பது 590. பெயரளவில் மூன்றும் இருபத்தாறு அங்குலந்தான். ஒன்றன் டயர் மற்றொன்றன் ரிம்மில் அமராது.

இந்த 559 பிறந்த கதை சுவையானது. 1933-இல் அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனத்தார் தடித்த பலூன் டயர்ச் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1970-களில் கலிபோர்னியாவின் டமல்பைஸ் மலைச் சரிவுகளில் இளைஞர்கள் அத்தகைய பழைய வண்டிகளை ஓட்டி விளையாடியதிலிருந்தே மலைச் சைக்கிள் உருவாயிற்று. பிற்காலத்தில் 584, 622 என்ற பெரிய சக்கரங்களும் வந்து சேர்ந்தன.

இனி அகலம். ரிம்மின் உள்சுவர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே கணக்கு. வெளிப்புறத்தை அளந்து பயனில்லை. குறுகிய ரிம்மில் மிக அகன்ற டயரை மாட்டினால் அது மின்சார பல்பைப் போல் கீழே ஒடுங்கி மேலே பருத்து நிற்கும். மலை இறக்கத்தில் வளைவில் சாயும்போது பக்கச் சுவர் மடிந்து, வண்டி ஓட்டுபவன் எண்ணாத பக்கம் அசையும். அதைத் தடுக்கக் காற்றை அதிகமாக அடித்தாலோ, அகன்ற டயரால் கிடைக்க வேண்டிய மெத்தென்ற ஓட்டமும் பிடிப்பும் போய்விடும். மாறாக, அகன்ற ரிம்மில் குறுகிய டயர் சதுரமாகத் தட்டைப்படும். கல் மோதினால் ரிம்மின் விளிம்பே அடிபடும்.

பொதுவாக, 19 முதல் 21 மில்லிமீட்டர் ரிம்முக்கு 2.0 முதல் 2.25 அங்குலம் வரையிலான டயர் பொருந்தும். 25 மில்லிமீட்டருக்கு 2.2 முதல் 2.4, 30 மில்லிமீட்டருக்கு 2.35 முதல் 2.6. தயாரிப்பாளர் வேறு வரம்பு குறித்திருந்தால் அதையே கொள்க.

இன்னொரு விஷயத்தைப் பெற்றோர் அவசியம் கவனிக்க வேண்டும். ரிம்மைப் பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ள பழைய வண்டியில், பிரேக் கட்டை உரசி உரசி ரிம்மின் சுவர் நாளடைவில் மெலிந்துவிடும். ஒரே அளவு காற்றானாலும், அகன்ற டயர் அச்சுவரைக் கூடுதல் விசையோடு வெளியே தள்ளும். தேய்ந்த ரிம் பிளந்து போவதுண்டு. அது மலை இறக்கத்தில் நேர்ந்தால் என்னாகும் என்று எழுத மனம் வரவில்லை. விரலால் தடவும்போது சுவர் உட்குழிந்திருப்பது தெரிந்தால், புது டயரை மறந்து ரிம்மை மாற்றுங்கள். டிஸ்க் பிரேக் வண்டிக்கு இத்தேய்மானம் இல்லை.

அன்பரின் புதல்வனுடைய ரிம் 19 மில்லிமீட்டராக இருக்குமானால், என் அபிப்பிராயம் 2.25 அங்குலத்தோடு நிற்கலாம் என்பதே. அதற்கும் ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும் இருபுறமும் விரற்கடையளவாவது இடைவெளி இருக்க வேண்டும்; மழைக்காலச் சேறு அப்பினால் சக்கரமே சுழலாது. 2.5 தான் வேண்டுமென்றால் அகன்ற ரிம்மோடு சக்கரத்தையே மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கேட்ட பிறகும் பையன் பிடிவாதமாக நின்றால், ரிம்மில் பதிந்துள்ள எண்ணை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.