கிரேடு ஐந்து, பாட்டு சைபர்

பெங்களூர் அபார்ட்மெண்டுகளின் பொங்கல் விழா மேடைகளைப் பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் எனக்கு உறுதியாகிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பது கிடார் இல்லை சாமி, கிடார் பரீட்சை.

ஒயிட்ஃபீல்டோ பெல்லந்தூரோ, கதை ஒன்றுதான். நாலு வருஷம் வகுப்புக்குப் போன பையன் மேடையேறுவான். தேர்வுக்கு உருப்போட்டதைப் பிசிறில்லாமல் வாசிப்பான். கைதட்டல். உடனே ஒரு அக்கா, "தம்பி, நான் பாடறேன், நீ கூட வாசிடா" என்பார். பையன் அம்மாவைப் பார்ப்பான். அம்மா மாஸ்டரைத் தேடுவார். பாட்டில் இருப்பதோ மூன்றே மூன்று கார்ட். எந்த இடத்தில் மாறுகிறது என்று காதால் பிடிக்க அவனை யாரும் பழக்கவில்லை.

பழியைப் பரீட்சை மேல் மட்டும் போடவும் முடியாது. லண்டன் டிரினிட்டியின் கிரேடு தேர்வில் மூன்று உருப்படிகளோடு சில துணைத் தேர்வுகளும் உண்டு. காதால் கேட்டுச் சொல்வது, சொந்தக் கற்பனையில் வாசிப்பது இரண்டையும்கூட அதில் தேர்ந்தெடுக்கலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. "எதுல சார் மார்க் ஈஸி?" என்று கேட்டு அதைச் சாத்துவது நாம்தான்.

கிடாரில் இன்னொரு வில்லங்கம். முதல் கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் அதே ஸ்வரம் இரண்டாம் கம்பியில் ஐந்தாம் கட்டத்திலும், மூன்றாம் கம்பியில் ஒன்பதாம் கட்டத்திலும் இருக்கிறது. அதனால் விரல்கள் ஸ்வரத்தை விட்டுவிட்டு வடிவத்தை மனப்பாடம் செய்துகொள்கின்றன. ஸ்கேல் மின்னல் வேகத்தில் ஓடும். நடுவில் நிறுத்தி, "இப்போ வாசிச்சதைப் பாடிக் காட்டு" என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

நாம் குடியிருக்கும் இதே கன்னட மண்ணின் புரந்தரதாசர்தான் கர்நாடக சங்கீதப் பாடமுறையை வகுத்தவர் என்பது மரபு. அவர் முறையைப் பாருங்கள். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, அலங்காரம். அடுத்தது கீதம், அதுவும் மலஹரியில். மலஹரி மாயாமாளவகௌளையின் ஜன்யம். பயிற்சியில் பாடிய ஸ்வரமே பாட்டாகி வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் வாயால் பாடித்தான் ஆக வேண்டும்.

"இளையராஜாவே டிரினிட்டியில படிச்சவர்தானே?" என்பீர்கள். ஆமாம், கிளாசிக்கல் கிடாரில் தங்கப் பதக்கம். ஆனால் அதற்கு முன்பே அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய் மேடைகளில் வாசித்தவர் அவர். பிறகு கன்னடப் படங்களின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்குள் எத்தனை பேரோடு சேர்ந்து வாசித்திருப்பார்! பதக்கத்தைப் பார்க்கிற நாம் அந்த மேடைகளைப் பார்ப்பதில்லை.

பகலெல்லாம் பொட்டி தட்டிவிட்டு ராத்திரி யூட்யூப் பார்த்து கிடார் பழகும் என்னைப் போன்ற அங்கிள்களுக்கும் இதேதான். பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அரை மணி நேரம் பழகினால் அதில் பத்து நிமிடத்தைப் பாட்டுக்குக் கொடுங்கள். தெரிந்த மெட்டில் ஒரு வரியை முதலில் பாடுங்கள். பிறகு ஒரே கம்பியில் அதைத் தேடிப் பிடியுங்கள். வாரம் ஒரு முறையாவது வீட்டில் யாரையாவது பாடச் சொல்லிக் கூட வாசியுங்கள். தப்பு வந்தால் நிறுத்தாதீர்கள். பாடுகிறவர் உங்களுக்காக நிற்கப் போவதில்லை.

பெற்றோருக்கு ஒன்று. பத்தாம் வகுப்பு வந்ததும் டியூஷனுக்கு நேரமில்லை என்று கிடார் பரண் மேல் ஏறப்போகிறது. பரீட்சைக்காக மட்டும் வாசித்தவன் அதைத் திரும்ப இறக்க மாட்டான். வேலை, வெளிநாடு என்று எங்கே போனாலும் நாலு பேரோடு உட்கார்ந்து ஒரு பாட்டு வாசிக்கத் தெரிந்தவன் இறக்குவான். சான்றிதழை லேமினேட் செய்து மாட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை :-) ஆனால் அடுத்த முறை மாஸ்டரிடம் "எந்த கிரேடு?" என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை பாட்டு?" என்று கேளுங்கள்.