பெயர் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

சங்கராபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்க ஆசை, ஆனால் கோடிங் பிடிக்கவில்லையாம். யூஎக்ஸ் டிசைன் படிக்கப் போகிறேன் என்கிறாளாம். அது படம் வரைகிற வேலையா, அதை நம்பி அனுப்பலாமா என்பது அம்மாவின் கேள்வி.

வரைவது அதில் ஒரு சின்னப் பகுதிதான். ஒரு வெப்சைட்டையோ ஆப்பையோ திறக்கிறவர், வந்த காரியத்தைத் தடுமாறாமல் முடித்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு வழி செய்வதுதான் யூஎக்ஸ். அதன் அஸ்திவாரத்துக்கு இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்சர் என்று பெயர், தமிழில் தகவல் கட்டமைப்பு எனலாம். எதை எதோடு சேர்ப்பது, அதற்கு என்ன பெயர் வைப்பது, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்வது. உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் வெந்தயம் எங்கே என்று உங்கள் கைக்குத் தெரியும். லீவுக்கு வந்திருக்கும் நாத்தனாருக்குத் தெரியுமா? அவரும் கேட்காமல் எடுக்கிற மாதிரி அடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் அந்த வாசகியின் மாவட்டத்திலேயே, கல்வராயன் மலையில், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்கலாம்.

அந்த மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ். கேரளத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்போது இந்தப் பெயரை எந்தத் தேடல் பெட்டியிலாவது தட்டிப் பாருங்கள், முதலில் வந்து நிற்பது கேரளமாகத்தான் இருக்கும். ஒரே சொல், இரண்டு பொருள். விண்ணப்பத்தில் மொழிக்கான கட்டமும் இனத்துக்கான கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது இன்னும் சிக்கல். தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சில மாவட்டங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன. தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. 1976ல் வந்த திருத்தச் சட்டத்தின் பட்டியல் இது. அதன் பிறகு 1993ல் தென் ஆற்காடு பிரிந்து விழுப்புரம், கடலூர் என்று ஆனது. 2019ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. அந்தப் பட்டியலில் கள்ளக்குறிச்சியைத் தேடினால் கிடைக்காது. வெள்ளிமலையில் இருக்கும் ஒரு பெண், தான் பிறப்பதற்கு முன்பே மறைந்துபோன ஒரு மாவட்டத்தின் பெயரில் தன்னைத் தேட வேண்டும். பழைய தென் ஆற்காட்டுப் பகுதி என்பதால் சட்டப்படி உரிமை போகவில்லை. அது சட்டம் தெரிந்தவருக்குப் புரியும். மொபைலில் விண்ணப்பம் போடுகிற பதினேழு வயதுப் பெண்ணுக்கு? அவள் ஊர்ப் பெயரைப் போட்டதும் சரியான வழியில் கொண்டுபோய் விட வேண்டியது திரையை வடிவமைத்தவரின் பொறுப்பு.

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள். அந்த ஆறு மாவட்டங்களில் அவர்கள் பகுதி சேராததால் பழங்குடிச் சான்றிதழுக்காகப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதை எந்த டிசைனரும் சரி செய்ய முடியாது, அரசும் நாடாளுமன்றமும்தான் முடிவு செய்ய வேண்டும். இருந்தாலும் ஒரு பட்டியல் எப்படி எழுதப்படுகிறது என்பதில் கல்லூரி சீட், வேலை எல்லாம் தொங்குகிறது என்று இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

(தகவல் கட்டமைப்பு என்ற பேச்சை ரிச்சர்ட் சால் வுர்மன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் புழக்கத்தில் விட்டதும் அதே 1976ல்தான். கல்வராயன் மலையில் ஜாகீர்தார் ஆட்சி முடிவுக்கு வந்ததும் அதே வருடம். தற்செயல்தான், எனக்குப் பிடித்த தற்செயல்.)

வெளிநாட்டுப் படிப்பு என்று பயப்படவும் வேண்டாம். சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ஒரு புத்தகத்தை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல், பொருள், இடம், காலம் என்று பல கோணங்களில் வகைப்படுத்தும் முறையை 1933ல் வெளியிட்டார். இன்று சேலை வாங்கும் ஆப்பில் நிறம், விலை, துணி என்று தனித்தனியாக டிக் செய்து வடிகட்டுகிறீர்களே, அது அவர் யோசித்த வழியைச் சேர்ந்ததுதான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதை நூலகத்தின் ஐந்து விதிகளில் ஒன்றாகவே வைத்தவர் அவர். உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் அவர் பெயரைச் சொல்வார்கள். நம் ஊரில்தான் நூலகவியல் படிக்கிறவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

சரி, படிப்பு. பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவர்களும் யூசீட் தேர்வு எழுதலாம், காமர்ஸ் தடையில்லை. மும்பை ஐஐடி நடத்துகிறது. பெரும்பாலும் ஜனவரியில் தேர்வு, அக்டோபர் வாக்கில் விண்ணப்பம். கொஞ்சம் கையால் வரைய வேண்டியும் வரும். தேர்வு ஆங்கிலத்தில், இடங்கள் குறைவு. அகமதாபாத் என்ஐடிக்கு நுழைவுத்தேர்வு தனி. இரண்டும் கிடைக்காவிட்டால் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு டிகிரி முடித்துவிட்டு, சீட் தேர்வு எழுதி மேல்படிப்பில் சேரலாம். உளவியல், நூலகவியல், இலக்கியம் படித்துவிட்டு இந்த வேலையில் இருப்பவர்கள் நிறைய. மூன்று மாதத்தில் யூஎக்ஸ் டிசைனர் ஆக்குகிறோம், வேலைக்கு கேரண்டி என்று லட்சக்கணக்கில் கேட்கும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். திரையை அழகாக வரைந்து தருவதை இப்போது ஏஐயே செய்கிறது. அது மட்டும் தெரிந்தவர்களுக்கு வேலை கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டு வருகிறது. ஆட்களிடம் போய்ப் பேசி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிறவர்களின் மதிப்பு குறையவில்லை என்பது என் கணிப்பு.

அந்தப் பழக்கத்துக்கு இப்போதே செலவில்லாமல் ஒரு பயிற்சி உண்டு. கார்டு சார்ட்டிங் என்பார்கள். இ-சேவை மையத்தில் கிடைக்கும் சேவைகளில் முப்பதைத் தேர்ந்தெடுத்து, அட்டைக்கு ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, மளிகைக் கடை அண்ணன், முடிந்தால் மலையிலிருந்து மரவள்ளி கொண்டுவருகிறவர் என்று ஐந்தாறு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, எதெல்லாம் ஒன்றாகப் போகும் என்று பிரித்து வைத்து, ஒவ்வொரு குவியலுக்கும் அவர்களே பெயர் சூட்டட்டும். நடுவில் உதவக் கூடாது. யார் எந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள், என்ன பெயர் சொன்னார்கள் என்று தேதி போட்டு நோட்டில் எழுதி, போட்டோவும் எடுத்து வைக்கட்டும். பிறகு அந்தக் குவியல்களை வைத்து ஃபிக்மாவின் இலவசக் கணக்கில் ஒரு முகப்புத் திரை செய்து, அதே ஆட்களிடம் காட்டி, முதியோர் பென்ஷனுக்கு எங்கே தொடுவீர்கள் என்று கேட்க வேண்டும். எங்கே தவறாகத் தொட்டார்கள், அதற்காக எதை மாற்றினாள் என்பது வரை போர்ட்ஃபோலியோவில் போகலாம். இன்டர்வியூவில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.