திருகுல கை வைக்கிறதுக்கு முன்னாடி

போடியில காலையில நாலரை மணிக்கு ரோட்டைப் பார்த்திருக்கீங்களா? ஹாஸ்டல்வாசிகளுக்கு வாய்ப்பு கம்மிதான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்புங்க கிளம்புற நேரம் அது. 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறைன்னு போகும். மேல தென்மேற்குப் பருவமழை பிடிச்சுட்டா அந்த ஆளுகளுக்கும் மழைக்கும் நடுவுல இருக்கிறது ஒரு படுதா மட்டும்தான். தையல் விட்டுச்சுன்னா அதுவும் இல்ல.

போன லீவுல எங்க தெருவுல படுதா, சீட் கவர் தைக்கிற அண்ணன் கடையில உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விடியக்காலைல மலையேற வேண்டிய படுதா மிஷின்ல இருக்கு. மேல தையல் அழகா விழுது. கீழ நூல் வளையம் வளையமா தொங்குது. மெக்கானிக்கல் மூணாவது வருஷம்ங்கிற தெனாவெட்டு எனக்கு. கோளாறு கீழதானே தெரியுதுன்னு பாபின் கேஸ் திருகை முறுக்கினேன். இன்னும் மோசமாச்சு. அண்ணன் திட்டல. "தம்பி, கீழ வளையம் தொங்குனா தப்பு மேல நூல்ல"ன்னார்.

யோசிச்சா சரிதான். மேல் நூலும் பாபின் நூலும் துணியோட நடு கனத்துல பின்னிக்கணும். மேல் நூல் தளர்வா இருந்தா பாபின் நூல் அதைக் கீழ இழுத்துடும். நான் பாபினை முறுக்கி அந்த இழுப்பைக் கூட்டியிருக்கேன்!

அண்ணன் டென்ஷன் திருகைத் தொடவே இல்ல. காலைத் தூக்கினார். கால் இறங்கியிருந்தா டென்ஷன் தட்டுங்க மூடியிருக்கும், நூல் உள்ள உட்காராது. தட்டுகளுக்கு நடுவுல சிக்கியிருந்த பிசிறை எடுத்துட்டுத் திரும்பக் கோத்தார். அப்புறம் ஊசி. 16-ம் நம்பர் ஊசியில கெட்டி நூலைக் கோத்து நாலு மடிப்பு கேன்வாஸைத் தைச்சா, நூல் கண்ணுலயும் துளையிலயும் உரசி மேல ஏறாம தங்கிடும். 21 போட்டார். சரியான ஊசியான்னு பார்க்க ஒரு வழி இருக்கு: நூலைச் சாய்ச்சுப் பிடிச்சா ஊசி தானா வழுக்கி இறங்கணும்.

என் நண்பன் ஒருத்தன் கேட்டான், "வாக்கிங் ஃபுட் மிஷின் வாங்கிட்டா முடிஞ்சுதேடா?" பாதி சரி. அதுல மேல் காலும் ஊசியும் கீழ் பல்லும் சேர்ந்தே துணியை நகர்த்தும், மடிப்பு நழுவாது. சட்டைத்துணிக்குன்னு செஞ்ச மிஷினை எவ்வளவு முறுக்கினாலும் அது வராது. தினமும் படுதா தைக்கிறவங்க அதைத்தான் வாங்கணும். ஆனா அந்த மிஷின்லயும் பிசிறு சிக்கும், தப்பான ஊசி மாட்டுவோம், என்னை மாதிரி ஒருத்தன் முதல்ல திருகைப் பிடிப்பான்.

நம்ம லேப்ல நடக்கிறதும் இதுதானே? ரீடிங் வரலையா, குமிழைத் திருப்பு, வர்ற வரைக்கும் திருப்பு. ரெக்கார்டுல எழுதிக் கையெழுத்து வாங்கிடுவோம். புராஜெக்ட் ரிவ்யூல ஆப் இருக்கா, சென்சார் இருக்கான்னு கேட்பாங்க, "முதல்ல எதைப் பார்த்தே, ஏன்?"னு யாரும் கேட்கிறதில்ல. ஒரு செமஸ்டர் மினி புராஜெக்டா ஆளுக்கொரு பட்டறைக்குப் போய், பத்துக் கோளாறை எழுதிட்டு வரச் சொல்லலாம். என்ன தெரிஞ்சுது, எதை மாத்தினோம், ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தினோமா. பஸ் வச்சு கோயம்புத்தூர் போற இண்டஸ்ட்ரியல் விசிட்டை விட இது உருப்படியா இருக்கும்னு நினைக்கிறேன். (பஸ்ஸுல பாட்டு இருக்காது, ஒத்துக்கிறேன்.)

கடைசியா நான் கெடுத்த பாபின். கேஸை நூல்ல தொங்கவிட்டா தானா சரசரன்னு இறங்கக்கூடாது. லேசா வெட்டினா கொஞ்சம் இறங்கி நிக்கணும். திருகைத் தொடுறதுக்கு முன்னாடி அது இருந்த இடத்துல பேனாவால ஒரு கோடு போட்டு வைப்பாராம் அண்ணன். நான் போடல. அதனால கால் சுத்து, அரைக்கால் சுத்துன்னு துண்டுத் துணியில தைச்சுத் தைச்சுப் பார்த்தோம். படுதா முடியும்போது ராத்திரி பதினொண்ணரை. ஜீப்காரர் அதுவரைக்கும் வாசல்லயே உட்கார்ந்திருந்தார்.