கீர்த்தி ஆசாத் எழுப்பிய கேள்வி

1983 ஜூன் 22. இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம். மொஹிந்தர் அமர்நாத்தும் கீர்த்தி ஆசாதும் வீசிய 24 ஓவர்களில் இங்கிலாந்து எடுத்தது 55 ரன்கள் மட்டுமே. இயன் போத்தமின் ஸ்டம்பைச் சாய்த்தவர் ஆசாத். 7 டெஸ்ட், 25 ஒருநாள் ஆட்டங்களோடு முடிந்துபோன அந்த ஆல்ரவுண்டரின் கிரிக்கெட் வாழ்வில் அதுவே உச்சம்.

ஆனால், அவர் நாடு முழுவதும் மீண்டும் பேசப்பட்டது கிரிக்கெட் நிர்வாகத்தைக் கேள்வி கேட்டபோதுதான். பிகார் முன்னாள் முதல்வர் பகவத் ஜா ஆசாதின் மகனான அவர், 1993-இல் தில்லி கோல் மார்க்கெட் தொகுதியில் பாஜக சார்பில் சட்டப்பேரவைக்குத் தேர்வானார். பின்னர் தர்பங்காவிலிருந்து 1999, 2009, 2014 தேர்தல்களில் வென்று மக்களவைக்கு வந்தார். 2015 டிசம்பரில் தில்லி மாவட்ட கிரிக்கெட் சங்கத்தில் முறைகேடு நடந்ததாக அவர் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார். அச்சங்கத்துக்கு 2013 வரை தலைவராக இருந்தவர், அப்போதைய நிதியமைச்சரும் அவரது கட்சியின் மூத்த தலைவருமான அருண் ஜேட்லி. தம் மீதான குற்றச்சாட்டுகளை ஜேட்லி திட்டவட்டமாக மறுத்தார். டிசம்பர் 23-ஆம் தேதி கட்சி ஆசாதை இடைநீக்கம் செய்தது.

குற்றச்சாட்டு உண்மையா, பொய்யா என்பது வேறு. ஆளும் கட்சி எம்.பி. ஒருவர் விளையாட்டுச் சங்கத்தின் கணக்கைக் கேட்டால், அது கட்சி விரோதச் செயலாகக் கருதப்படுவது ஏன்? சங்கத்தின் நாற்காலியும் கட்சியின் நாற்காலியும் ஒருவரிடமே இருந்ததுதான் காரணம். இது ஒரு கட்சியின் நோய் அல்ல. சரத் பவார், ராஜீவ் சுக்லா, அனுராக் தாக்குர் எனக் கட்சி வேறுபாடின்றித் தலைவர்கள் கிரிக்கெட் நிர்வாகத்தில் கோலோச்சியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாடாளுமன்றத்தில் எதிரெதிர் வரிசைகள் இல்லை.

லோதா குழுவின் பரிந்துரையை ஏற்று, அமைச்சர்கள் நிர்வாகப் பொறுப்பு வகிக்கக் கூடாது என 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால், அரசு நிதி பெறும் அமைப்புகளுக்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தும் எனத் திருத்தப்பட்டதால், கிரிக்கெட் வாரியம் தப்பிவிட்டது. சேப்பாக்கம் போன்ற மைதானங்கள் அரசின் குத்தகை நிலத்தில் நிற்கின்றன. அணி இந்தியாவின் பெயரில் ஆடுகிறது. அரசுப் பணம் வாங்கவில்லை என்பதாலேயே மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது எப்படி நியாயமாகும்?

ஆசாதும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 2019-இல் காங்கிரஸ், 2021-இல் திரிணமூல் எனக் கட்சி மாறியவர் அவர். 2024-இல் பர்தமான்-துர்காபூரில் வென்று மீண்டும் மக்களவைக்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தில்லி கிரிக்கெட் சங்கத் தலைவர் தேர்தலிலும் போட்டியிட்டார். பெற்றது 777 வாக்குகள். 1,577 வாக்குகள் பெற்று வென்றவர் ஜேட்லியின் மகன் ரோஹன் ஜேட்லி.

லட்சக்கணக்கான வாக்காளர்களின் நம்பிக்கையைப் பெற முடிந்தவரால், ஒரு சங்கத்தின் சில ஆயிரம் உறுப்பினர்களின் ஆதரவைப் பெற முடியவில்லை. அது அவர்களின் உரிமை. ஆனால், கணக்கைக் கேட்கும் உரிமை அந்த உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியதல்ல. டிக்கெட் வாங்கி வெயிலில் அமரும் ரசிகனுக்கும் அது உண்டு. அவனுக்காக அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டிய இடம் நாடாளுமன்றமே.